ஆற்றுக்கு அந்தப் பக்கம்: சென்னை எங்கே முடிகிறது?

எங்கம்மாவைப் பொறுத்தவரை மெட்ராஸ் அடையாறு பாலத்தோடு முடிந்துபோகிறது. மந்தைவெளியில் பிறந்து, மயிலாப்பூரில் கல்யாணமாகி, மறுபடி மந்தைவெளிக்கே குடிவந்தவர். பாலத்துக்கு அந்தப் பக்கம் இருப்பதெல்லாம் அவருக்கு வெளியூர். 2012-ல் நான் மடிப்பாக்கத்தில் வீடு வாங்கினபோது சொந்தக்காரர்களிடம் போனில், "மெட்ராஸ்ல கிடைக்கலையாம், வெளிய வாங்கியிருக்கான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். "அம்மா, போன வருஷமே மடிப்பாக்கத்தைக் கார்ப்பரேஷன்ல சேத்தாச்சு" என்றேன். "சேத்தா சேத்துக்கட்டும்" என்று அடுத்த நம்பரைச் சுழற்றப் போய்விட்டார்.

சரி, யார் சொல்வது சரி என்று பார்த்துவிடலாமே என ஆரம்பித்ததுதான் இந்தத் தேடல். பத்து வருஷத்துக்கு மேலாக வாரக் கடைசிகளில் விட்டு விட்டுச் செய்தது. நான் சரித்திரம் படித்தவன் இல்லை. பி.இ. முடித்து மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். அதனால் தப்பு இருந்தால் சொல்லுங்கள், திருத்திக்கொள்கிறேன்.

முதலில் அம்மா கட்சி. 1882-ல் பிரம்மஞான சபை அடையாற்றின் தென்கரையில் ஹடில்ஸ்டன் தோட்டத்தை வாங்கிக் குடியேறியபோது, அது சென்னை நகரத்துக்குள் இல்லை. செங்கல்பட்டு மாவட்டம், சைதாப்பேட்டை தாலுகா. ஆறுதான் எல்லை. நகராட்சி விளக்கும் நகராட்சி வரியும் வடகரையோடு நின்றுவிடும். 1940களின் பிற்பகுதியில்தான் நகரம் ஆற்றைத் தாண்டியது. ஆக அம்மா தன் பாட்டி காலத்து எல்லையை மனசில் வைத்திருக்கிறார். அரசாணை மாறினாலும் பேச்சு வழக்கு மாற இரண்டு தலைமுறை ஆகும்போல.

அடுத்தது என் கட்சி. இது எனக்கே 2013-ல் ஆட்டம் கண்டது. வீட்டுக்கான சொத்து வரியைச் சென்னை மாநகராட்சியின் 14-வது மண்டலத்தில் கட்டினேன். பட்டா மாற்றப் போனால், நிலம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருக்கிறது. மாநகராட்சி ரசீதைக் காட்டினேன். கவுண்டரில் இருந்தவர் ரொம்ப அனுதாபத்தோடு பார்த்து, "சார், அது வேற, இது வேற. வரி கட்டுற ஊர் சென்னை. நிலம் இருக்கிற ஊர் காஞ்சிபுரம்" என்றார். நாலு தடவை அலைந்த எரிச்சலில் அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்தால், அந்த மனிதர் சொன்னது அப்படியே சட்டப்படி உண்மை. 2011 அக்டோபரில் மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. சென்னை மாவட்டமோ பழைய அளவிலேயே நின்றது. மாவட்டத்தையும் 426-க்கு விரித்தது 2018 ஜனவரியில். நடுவில் ஆறு வருஷத்துக்கு மேல், ஆலந்தூரிலும் பெருங்குடியிலும் அம்பத்தூரிலும் இருந்த லட்சக்கணக்கான பேர் ஒரே நேரத்தில் இரண்டு ஊர்களில் குடியிருந்திருக்கிறோம்.

எங்கள் தொழிலில் இதை உடனே பிழை என்று குறித்துவிடுவோம். ஒரே பெயரில் நாலு வேரியபிள், ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு மதிப்பு. தபால்காரருக்கு ஒரு சென்னை: மடிப்பாக்கம் கிராம ஊராட்சியாக இருந்தபோதே அதன் பின்கோடு 600091. பெருநகர வளர்ச்சிக் குழுமத்துக்கு ஒரு சென்னை, அது 1,189 சதுர கிலோமீட்டர். போலீசுக்கு ஒன்று, தேர்தல் ஆணையத்துக்கு ஒன்று. ஆலந்தூர்க்காரர் மாநகராட்சிக் கவுன்சிலரைச் சென்னையில் தேர்ந்தெடுப்பார், எம்.பி.யை ஸ்ரீபெரும்புதூர் தொகுதியில் தேர்ந்தெடுப்பார். இந்த எண்கள் எங்கிருந்து வந்தன, யார் வசதிக்காக வந்தன என்று பின்னோக்கிப் போனால், கோட்டை வாசலில் போய் நிற்கிறோம்.

கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாநகராட்சியை உண்டாக்கிய சாசனத்தின் தேதி 1687 டிசம்பர் 30. 1688 செப்டம்பர் 29-ல் அது நடைமுறைக்கு வந்தது. ஒரு மேயர், 12 ஆல்டர்மேன்கள், 60 பர்கெஸ்கள். முதல் மேயர் நத்தானியேல் ஹிக்கின்சன். ஆல்டர்மேன்களில் ஆங்கிலேயர், போர்ச்சுகீசியர், யூதர், இந்துக்கள் எல்லாரும் கலந்திருந்தார்கள். இதுவரை எல்லாக் கட்டுரைகளிலும் வரும் சமாச்சாரம். என்னை நிறுத்தியது, அந்தச் சாசனத்தில் எல்லையைச் சொல்லும் வாசகம். கோட்டை, அதை ஒட்டிய நகரம், அதற்குச் சொந்தமான நிலப்பகுதிகள், ஆனால் கோட்டையிலிருந்து பத்து மைலுக்கு மேற்படாமல்.

பத்து மைல்! ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்து, கூகுள் மேப்பில் புனித ஜார்ஜ் கோட்டையை மையமாக வைத்து 16.1 கிலோமீட்டர் ஆரத்தில் வட்டம் போட்டேன். கிழக்குப் பாதி கடலில் விழுந்துவிடுகிறது. மேற்குப் பாதியின் பரப்பு கணக்குப் போட்டால் சுமார் 407 சதுர கிலோமீட்டர் வருகிறது. 2011-ல் மாநகராட்சி அடைந்த பரப்பு 426. எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. வடக்கே எண்ணூர் கத்திவாக்கம் வட்டத்துக்குள். மேற்கே அம்பத்தூர், போரூர் உள்ளே. தெற்கே நீலாங்கரை உள்ளே. சோழிங்கநல்லூரும் உத்தண்டியும் வெளியே. தாம்பரம் ரொம்ப வெளியே. வட்டத்தின் கோடு சரியாக எங்கே போகிறது தெரியுமா? மடிப்பாக்கத்தின் மேல். எங்கள் தெருவுக்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்பது நான் கோட்டையில் எந்த இடத்தில் புள்ளி வைக்கிறேன் என்பதைப் பொறுத்தது.

உணர்ச்சிவசப்படுவதற்கு முன்னால் ஒரு எச்சரிக்கை. இது தற்செயல். 2011-ல் எல்லை வரைந்த அதிகாரிகள் யாரும் இரண்டாம் ஜேம்ஸ் காலத்துக் காகிதத்தைப் பார்த்து வரையவில்லை. அந்தப் பத்து மைலும் ஒரு உச்சவரம்புதான். கம்பெனி கையில் அப்போது இருந்தது கோட்டை, கறுப்பர் நகரம், 1676 வாக்கில் கோல்கொண்டாவிடமிருந்து குத்தகைக்கு எடுத்த திருவல்லிக்கேணி, இன்னும் சில இடங்கள். எழும்பூர், புரசைவாக்கம், தண்டையார்பேட்டை வந்தது 1693-ல். நுங்கம்பாக்கம், திருவொற்றியூர், வியாசர்பாடி வந்தது 1708-ல். மயிலாப்பூர் கோட்டையிலிருந்து நேர்கோட்டில் ஐந்தரை கிலோமீட்டர்தான். ஆனால் சாந்தோமும் மயிலாப்பூரும் ஆங்கிலேயர் வசமானது 1749-ல். சாசனத்தில் வட்டத்துக்குள் இருந்த மயிலாப்பூர் நிஜத்தில் நகரத்துக்கு வர 60 வருஷம் ஆயிற்று. கபாலி கோயில் குளத்தங்கரைக்காரர்கள் 'நாங்கதான் ஒரிஜினல் மெட்ராஸ்' என்று சொல்லும்போது இதை ஞாபகப்படுத்திப் பாருங்கள். (அவர்கள் பதிலும் தயாராக இருக்கும்: 'நாங்க மெட்ராஸுக்கு முன்னாடியே இருக்கோம்.' அதுவும் உண்மைதான்.)

கம்பெனி எதற்காக இவ்வளவு மெனக்கெட்டு மாநகராட்சி வைத்தது? வரிக்காக. நகரத்துக்கு மதில் கட்ட வீட்டு வரி போட்டபோது கடும் எதிர்ப்பு கிளம்பியது. லண்டனில் இருந்த சர் ஜோசையா சைல்டின் கணக்கு எளிமையானது. ஆளுநர் போடும் வரியை ஜனங்கள் கட்ட மாட்டார்கள். தங்கள் ஆட்களே கூடி உட்கார்ந்து போட்டால் பள்ளிக்கூடம், சாக்கடை, நகர மன்றம் எனச் சந்தோஷமாகக் கட்டுவார்கள். கணக்கு அவர் நினைத்தபடி பலிக்கவில்லை, அது வேறு கதை. ஆனால் ஊர்க்காரர்களின் சபை இருந்தால்தான் ஊர்க்காரர்களிடம் வரி கேட்க முகம் இருக்கும் என்பது 1687-லேயே ஒரு வியாபாரிக்குத் தெரிந்திருக்கிறது. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

நடுவே இருநூறு வருஷத்தைத் தாண்டிவிடுகிறேன். 1901-ல் நகரம் 27 சதுர மைல், அதாவது 70 சதுர கிலோமீட்டர். ஜனத்தொகை ஐந்து லட்சத்துச் சொச்சம். அதன் தென்மேற்கு விளிம்பில் நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்தது ஒரு ஏரி. வரைபடங்களில் அதன் பெயரே 'நீண்ட ஏரி'. அதற்கு மேற்கே மாம்பலம், செங்கல்பட்டு மாவட்டத்துக் கிராமம். 1920-ல் நகர் திட்டமிடல் சட்டம் வந்தது. சில வருஷங்களில் ஏரியை வடித்து, மாம்பலத்தை நகரத்தோடு சேர்த்து, தியாகராய நகரைக் கட்டினார்கள். இன்றைக்குத் தண்ணீரே இல்லாத நுங்கம்பாக்கத்தில் 'டேங்க் பண்ட் ரோடு' என்று ஒன்று இருப்பதும், மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' இருப்பதும் இதனால்தான். மழைக்காலத்தில் அந்தத் தெருக்களில் முழங்கால் தண்ணீரில் நடந்தவர்களுக்கு ஏரி தன் விலாசத்தை மறக்கவில்லை என்பது தெரியும்.

தி.நகரின் தெருப் பெயர்கள் எனக்குப் பிடித்த ஆவணம். நகரே பி. தியாகராய செட்டியின் பெயரில். மாநகராட்சியின் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் தலைவர் அவர். உஸ்மான் சாலைக்குப் பெயர் தந்த முகமது உஸ்மான் மாநகராட்சித் தலைவர். ஜி.என். செட்டி சாலையின் ஜி. நாராயணசாமி செட்டியும் மாநகராட்சித் தலைவர். (சாதிப் பெயர் நீக்கத்தில் அது பின்னால் 'ஜி.என். சாலை' ஆனது. ஆட்டோக்காரரிடம் அப்படிச் சொல்லிப் பாருங்கள்.) பனகல் பார்க், நடேசன் பார்க், நாயர் சாலை எல்லாமே நீதிக்கட்சித் தலைவர்கள். பாண்டிபஜாரில் துணி எடுக்கப் போகிறவர் ஒரு காலத்து மாநகராட்சி மன்றத்தின் வருகைப் பதிவேட்டுக்குள் நடந்துபோகிறார் என்றுகூடச் சொல்லலாம்.

அந்த மன்றத்துக்கு அப்போது தெம்பு இருந்தது. 1919-ம் வருஷத்துச் சென்னை மாநகராட்சிச் சட்டம் அதற்கு அடித்தளம். 1920-ல் ஆயிரம்விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி போட மன்றம் தீர்மானித்தது. காமராஜர், எம்.ஜி.ஆர். என நாம் படிக்கும் மதிய உணவு வரலாற்றின் முதல் பக்கம் அது. ஒரு நகர சபை, மாநில அரசைக் கேட்காமல், தன் வரிப்பணத்தில், தன் பள்ளியில் செய்தது.

இன்னொரு சம்பவம் மயிலாப்பூருக்குள்ளேயே நடந்தது. ராயப்பேட்டை நெடுஞ்சாலையில் போகிறவர்கள் பொட்டி ஸ்ரீராமுலு நினைவகத்தைப் பார்த்திருப்பீர்கள். தனி ஆந்திரம் கேட்டு அங்கே உண்ணாவிரதம் இருந்த அவர் 1952 டிசம்பர் 15-ல் உயிர்விட்டார். சில நாட்களில் ஆந்திர மாநிலம் அமைக்க நேரு ஒப்புக்கொண்டார். அடுத்த கேள்வி: சென்னை யாருக்கு? 'மதராஸ் மனதே' என்ற கோஷம் ஒரு பக்கம். சென்னையைத் தமிழ்நாட்டிலேயே வைக்க ம.பொ.சிவஞானம் நடத்திய இயக்கம் மறுபக்கம். அப்போது மேயராக இருந்தவர் டி. செங்கல்வராயன். மாநகராட்சி மன்றம் சென்னை தமிழர்க்கே என்று தீர்மானம் போட்டது. 1953 அக்டோபர் 1-ல் ஆந்திரம் பிரிந்தது. சென்னை இங்கேயே இருந்தது. தீர்மானம்தான் சென்னையைக் காப்பாற்றியது என்று நான் சொல்ல மாட்டேன். நேரு, வல்லபபாய் படேல், பட்டாபி சீதாராமையா மூவர் குழு 1949-லேயே ஆந்திரர்கள் சென்னை மீதான உரிமையை விட்டுவிட வேண்டும் என்று சொல்லியிருந்தது. ஆனால் தன் ஊர் எந்த மாநிலத்தில் இருக்க வேண்டும் என்று வாய் திறந்து சொல்ல, ஊருக்கு ஒரு சபை இருந்தது.

இப்போது அடையாற்றுக்குத் திரும்புவோம். 1946 வாக்கில் சைதாப்பேட்டை உள்ளிட்ட பகுதிகள் சேர்க்கப்பட்டு, நகரம் சுமார் 129 சதுர கிலோமீட்டர் ஆனது. ஆற்றுக்குத் தெற்கே காந்தி நகர் மாதிரியான குடியிருப்புகள் எழுந்தன. 1970களின் கடைசியில் திருவான்மியூர், தரமணி, வேளச்சேரி, விருகம்பாக்கம், சாலிகிராமம், கோயம்பேடு, வில்லிவாக்கம், கொளத்தூர் எல்லாம் சேர்ந்தன. நகரம் 170-ஐத் தாண்டியது. இந்த இரண்டாவது விரிவாக்கத்தில் ஒரு விசித்திரம். அந்தப் பஞ்சாயத்துகள் எந்த மாநகராட்சியில் சேர்ந்தனவோ, அந்த மாநகராட்சிக்கு அப்போது மன்றமே கிடையாது.

மஸ்டர் ரோல் ஊழல் புகாரில், 1973 டிசம்பரில் மாநில அரசு மன்றத்தைக் கலைத்தது. கூலி ஆட்களின் வருகைப் பட்டியலில் இல்லாத ஆட்களின் பெயர் என்பது புகார். கலைத்தது தி.மு.க. அரசு, மன்றத்தில் பெரும்பான்மையும் அதே கட்சி. அதுவரைக்கும் நியாயம் என்றே வைத்துக்கொள்வோம். மறுதேர்தல் எப்போது? 1996 அக்டோபரில். இடையில் ஆட்சிகள் மாறின, முதல்வர்கள் மாறினார்கள், குடியரசுத் தலைவர் ஆட்சிகூட வந்துபோனது. தனி அலுவலர் மட்டும் மாறவே இல்லை, அதாவது அந்த நாற்காலி. 74-வது அரசியல் சட்டத் திருத்தம் 1993-ல் வந்து, உள்ளாட்சித் தேர்தலைத் தவிர்க்க முடியாது என்று ஆன பிறகுதான் நகரத்துக்கு மன்றம் கிடைத்தது.

நான் பிறந்தது 1977. பத்தொன்பது வயது வரை நான் ஒரு கவுன்சிலரைப் பார்த்ததே இல்லை. 1996 அக்டோபரில் மந்தைவெளிப் பள்ளி ஒன்றில் வரிசையில் நிற்கும்போது அப்பாவிடம், "கவுன்சிலர்னா என்னப்பா பண்ணுவாரு?" என்று கேட்டது ஞாபகம் இருக்கிறது. அப்பா கொஞ்சம் யோசித்து, "எனக்கே மறந்துபோச்சுடா" என்றார். மேயருக்கு ஒன்று, கவுன்சிலருக்கு ஒன்று என இரண்டு ஓட்டு. நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் மேயராக மு.க.ஸ்டாலின் வந்தார். அதற்குப் பிறகு மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதா, கவுன்சிலர்கள் தேர்ந்தெடுப்பதா என்பது ஆட்சிக்கு ஆட்சி பம்பரம் மாதிரி சுற்றியது. 2001-ல் நேரடி, 2006-ல் மறைமுகம், 2011-ல் நேரடி, 2022-ல் மறுபடி மறைமுகம்.

மன்றம் இல்லாத அந்த 23 வருஷத்தில் நடந்த இன்னொரு காரியத்தை நாம் அதிகம் பேசுவதில்லை. அதிகாரங்கள் ஒவ்வொன்றாகக் கைமாறின. 1970களின் நடுவில் நகரத் திட்டமிடல் பெருநகர வளர்ச்சிக் குழுமத்துக்குப் போனது. 1978-ல் குடிநீரும் கழிவுநீரும் தனி வாரியத்துக்குப் போயின. 1872 முதல் செங்குன்றத்திலிருந்து தண்ணீர் கொண்டுவந்த நகரசபை, குழாயை ஒப்படைத்துவிட்டு நின்றது. எதிர்த்துக் கேட்க மன்றத்தில் ஆள் இல்லை. இன்றைக்கு உங்கள் தெருவில் சாக்கடை வழிந்தால் கவுன்சிலர், "அது மெட்ரோவாட்டர் சார்" என்பார். அவர் தட்டிக்கழிக்கிறார் என்று கோபப்படுவோம். உண்மையிலேயே அது அவர் கையில் இல்லை.

2011-க்கு வருவோம். 9 நகராட்சிகள், 8 பேரூராட்சிகள், 25 கிராம ஊராட்சிகள். மொத்தம் 42 உள்ளாட்சிகள் மாநகராட்சியோடு கரைந்தன. எங்கள் பக்கத்தில் உள்ளகரம்-புழுதிவாக்கம், பெருங்குடி, பள்ளிக்கரணை, மடிப்பாக்கம், கொட்டிவாக்கம், பாலவாக்கம். வார்டுகள் 155-லிருந்து 200 ஆயின. பழைய நகரத்துக்கு 107, புதுப் பகுதிக்கு 93.

கரைந்த ஊர்கள் எல்லாமே சும்மா இருந்தவை என்று நினைக்க வேண்டாம். ஆலந்தூரை எடுத்துக்கொள்ளுங்கள். 1990களின் கடைசியில் அந்த நகராட்சி, ஆர்.எஸ்.பாரதி தலைவராக இருந்தபோது, பாதாளச் சாக்கடை போட முடிவுசெய்தது. கையில் பணம் இல்லை. வீட்டுக்கு 5,000 ரூபாய் முன்பணம் தாருங்கள் என்று ஜனங்களிடமே கேட்டது. அந்தக் காலத்தில் அது ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேலாக இருந்த வீடுகள் ஏராளம். கொடுத்தார்கள். தெருத்தெருவாகக் கூட்டம் போட்டு விளக்கியதால் கொடுத்தார்கள். சாக்கடை வந்தது, இன்றைக்கும் உலக வங்கி வரைக்கும் பாடமாகச் சொல்கிறார்கள். சைல்டு 1687-ல் கணக்குப் போட்டாரே, அது முந்நூறு வருஷம் கழித்து பரங்கிமலை அடிவாரத்தில் பலித்தது. அந்த நகராட்சிதான் 2011-ல் 12-வது மண்டலம் என்ற எண்ணாக ஆனது.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். பெருங்குடியில் சென்னையின் குப்பை கொட்டத் தொடங்கியது 1980களில். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில், 200 ஏக்கருக்கு மேல். மயிலாப்பூரிலும் தி.நகரிலும் நாங்கள் கூடையில் போட்டது லாரியில் நகர எல்லையைத் தாண்டிப் போய் அடுத்தவர் ஊரில் மலையானது. கால் நூற்றாண்டுக்கு மேல் அப்படி. பெருங்குடிக்காரர் மூச்சு முட்டி யாரிடம் முறையிடுவார்? குப்பை கொட்டுகிற மாநகராட்சியில் அவருக்கு ஓட்டு இல்லை. 2011-ல்தான் குப்பை கொட்டுகிறவரும் வாங்கிக்கொள்கிறவரும் ஒரே மன்றத்துக்கு ஓட்டுப் போட்டார்கள். செங்குன்றம் ஏரித் தண்ணீர், மாம்பலம் ஏரி, பள்ளிக்கரணைச் சதுப்பு என எல்லாவற்றிலும் இதே வரிசையைத்தான் பார்க்கிறேன். நகரத்தின் தாகமும் குப்பையும் எல்லையைத் தாண்டிப் போய் ரொம்ப நாள் கழித்து, ஓட்டுரிமை பின்னாலேயே நடந்து வந்து சேர்கிறது.

அப்படி வந்த ஓட்டும் எத்தனை நாள்? 2016 அக்டோபரில் மன்றத்தின் காலம் முடிந்தது. அறிவித்த தேர்தலை, இட ஒதுக்கீட்டுக் குறைபாடுகளுக்காக உயர் நீதிமன்றம் ரத்துசெய்தது. மறுபடி தனி அலுவலர். 2022 பிப்ரவரி 19 வரை. 1973 டிசம்பரிலிருந்து அதுவரை ஓடிய 48 வருஷத்தில் சுமார் 28 வருஷம் இந்த நகரம் மன்றம் இல்லாமல் இருந்திருக்கிறது. இதை நான் மூன்று தடவை கூட்டிப் பார்த்தேன். மாநகராட்சிகளிலேயே மூத்தது என்று நாம் பெருமைப்படும் நகரம் இது.

எங்கள் தெருவில் ஒரு பாட்டி இருக்கிறார், மடிப்பாக்கம் வயலாக இருந்த காலத்து ஆள். அவர் சொல்வார்: "முன்னெல்லாம் தெரு விளக்கு எரியலைன்னா பிரசிடெண்ட் வீட்டு வாசல்ல போய் நிப்பேன். காபி குடுத்து உக்கார வெச்சுப் பேசுவாரு. விளக்கு வரும், வராம போகும். இப்போ 1913-க்குப் போன் பண்ணு, நம்பர் குடுப்பாங்கன்றான் பேரன்." அந்தப் பிரசிடெண்டின் நிர்வாகத்தில் என்ன குறை இருந்தது என்பதை அதே பாட்டி அடுத்த அரை மணி நேரம் விலாவாரியாகச் சொல்வார், அது வேறு. 2011 கணக்குப்படி புது நகரத்தில் சுமார் 67 லட்சம் பேர், 200 கவுன்சிலர்கள். ஒருவருக்கு முப்பத்து மூவாயிரம் பேருக்கு மேல். எந்த வீட்டு வாசலில் போய் நிற்பது?

2022 ஏப்ரலில் சொத்து வரியை உயர்த்தினார்கள். அந்த அரசாணையைப் படித்தால் பழைய எல்லை இன்னும் உயிரோடு இருக்கிறது. 600 சதுர அடிக்குள் இருக்கும் வீட்டுக்குப் பழைய நகரத்தில் 50 சதவீத உயர்வு, 2011-ல் சேர்ந்த பகுதியில் 25. 1,800 சதுர அடிக்கு மேல் போனால் பழைய நகரத்தில் 150, எங்களுக்கு 100. அம்மாவுக்குப் போன் செய்து, "நீ சொன்னது சரிதான், நாங்க இன்னும் முழுசா உள்ள வரலை" என்றேன். மந்தைவெளி வீட்டு வரி ரசீதைப் பார்த்துவிட்டு அவர் இருந்த மூடில் அந்த வெற்றியை ரசிக்கவில்லை.

இன்றைய நிலவரம் இது. மாவட்டமும் மாநகராட்சியும் 2018-லிருந்து 426-ல் பொருந்திவிட்டன. ஒரு பிழை சரி. 2022 ஜனவரியில் தாம்பரத்துக்கும் ஆவடிக்கும் தனிக் காவல் ஆணையரகங்கள் வந்தன. பள்ளிக்கரணை அதில் தாம்பரத்துக்குப் போனது. ஆக, சென்னை மாநகராட்சிக் குப்பைத்தொட்டி திருடு போனால் தாம்பரம் போலீஸில் புகார் கொடுக்க வேண்டும். ஒரு பிழை புதுசு. 1919-ம் வருஷத்துச் சட்டம் நூறு வயதைத் தாண்டி 2023 ஏப்ரலில் ஓய்வு பெற்றது. எல்லா நகரங்களுக்கும் பொதுவான நகர்ப்புற உள்ளாட்சிச் சட்டம் அந்த இடத்துக்கு வந்தது. 2022 அக்டோபரில் பெருநகரப் பகுதியை 1,189-லிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரித்து அரசாணை போட்டார்கள். அதில் அரக்கோணம் பக்கமும் வருகிறது. ஐந்து மடங்கு பெரிய அந்தச் சென்னையின் நிலப் பயன்பாட்டை, அதாவது எது வயல், எது ஏரி, எது அடுக்குமாடி என்பதை, வரையப்போகும் குழுமத்துக்கு நானோ அரக்கோணத்து விவசாயியோ ஓட்டுப் போடுவதில்லை.

போன மாதம் அம்மாவுக்கு முழங்கால் வலி அதிகமாகி, மடிப்பாக்கத்துக்கே வந்து எங்களோடு இருப்பதாக ஒப்புக்கொண்டார். வேனில் சாமான் ஏற்றும்போது ஒரே ஒரு நிபந்தனை. கேஸ் கனெக்‌ஷன், ரேஷன் கார்டு எதை வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். வாக்காளர் பட்டியலில் பெயர் மட்டும் மயிலாப்பூர் தொகுதியிலேயே இருக்கட்டும் என்றார். அப்படி வைத்திருக்க முடியாதும்மா, குடியிருக்கிற இடத்தில்தான் பெயர் இருக்கணும், அதுதான் சட்டம் என்றேன். பாலம் வரைக்கும் யோசித்துக்கொண்டே வந்தார். பாலம் தாண்டினதும், "சரி, அங்க கவுன்சிலர் யாரு, வீடு எங்க?" என்று கேட்டார். எனக்கு வார்டு நம்பர்தான் தெரிந்திருந்தது.